டா டா டா, டா டா

நேற்றுப் பின்னேரம் குசினியில் நின்றுகொண்டு, முன்னறையில் இருந்த பவளத்துக்குக் கைத்தொலைபேசியில் ஒரு கேள்வி அனுப்பினேன். "தேத்தண்ணி வேணுமோ?" ஒரே வீடு, நடுவில் ஒரு சுவர். நாலடி நடந்துபோய்க் கேட்டிருக்கலாம். ஆனால் இந்த வீட்டில் எல்லோரும் இப்படித்தான் கேட்டுக்கொள்கிறார்கள் என்று நானும் பழகிவிட்டேன். பதில் உடனே வந்தது. எழுத்து ஒன்றும் இல்லை. மஞ்சள் நிறத்தில் ஒரு பெருவிரல்.

அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றதில் அடுப்பில் கேத்தல் வற்றி அடி சிவந்துவிட்டது. சூடான ஈயம் போல ஒரு மணம் எழும்பியது. அந்த மணம் மூக்கில் ஏறியதும் நான் குசினியில் இல்லை. செவன் ஹில்ஸில் ஒரு தகரக் கொட்டகைக்குள், கையில் ஈயம் உருக்கி ஒட்டும் பற்றாசுக் கோலுடன், தலையில் கொஞ்சம் முடியுடன் நின்றேன்.

பவளம் என் மனைவி. என் பிள்ளைகளுக்கு அம்மா, இதை வாசிக்கும் மற்றப் பிள்ளைகளுக்கு அன்ரி. அவர் எனக்கு முதன்முதலில் சொன்ன ஒரு சொல்லைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். எனக்கு எழுத்து பெரிதாக வராது. எஸ்.எஸ்.சி. இரண்டு தரம் எழுதியவன். கதை நேராகப் போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். நடுவில் எங்கேயாவது நண்டு பிடிக்கப் போய்விட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், திரும்பி வந்துவிடுவேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. சிட்னியில் ரெயினுக்குள் தமிழ்க் குரல் கேட்டால், இறங்கவேண்டிய இடத்தை விட்டுவிட்டு அந்தக் குரலுக்குப் பின்னால் போகிற காலம். செவன் ஹில்ஸில் வானொலிப் பெட்டிகள் செய்யும் சின்னத் தொழிற்சாலை ஒன்றில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். அங்கே மேற்பார்வையாளர் ரெக் என்ற வெள்ளைக்காரர். கட்டை ஆள், பெரிய காது, எப்போதும் அரைக் காற்சட்டையும் முழங்கால் வரை நீண்ட காலுறையும். ரெக் ஒரு சின்னச் சாமானைத் தூக்கிக் காட்டினார். புளியங்கொட்டை அளவு, உடம்பெல்லாம் நிறக்கோடு. ஏதோ கேட்டார். அவருடைய ஆங்கிலத்தில் எனக்கு "தெரியுமா" என்ற ஒரு பகுதிதான் விளங்கியது. தெரியாது என்று சொன்னால் வேலை போய்விடும்.

"ஓம்," என்றேன்.

ரெக் தோளில் தட்டி, திங்கட்கிழமை வரச் சொன்னார்.

அவர் கேட்டது, இதை எந்த அலகில் அளப்பது தெரியுமா என்று. அது மின்தடை. அளக்கும் அலகின் பெயர் ஓம். இதை நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதத்துக்குப் பிறகுதான் அறிந்தேன். எங்கள் ஊரில் ஓமுக்குப் பதிலாக ஆமா என்று சொல்லும் வழக்கம் இருந்திருந்தால் நான் வேறு எங்காவது தக்காளி பிடுங்கிக்கொண்டு இருந்திருப்பேன்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். ரெக்கின் பேச்சை எல்லாம் இங்கே தமிழில்தான் எழுதப்போகிறேன். ஆகவே ரெக் இதில் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பிறந்தவர் போலக் கதைப்பார். குறை நினைக்கவேண்டாம்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் பாணுக்குள் எதையோ வைத்துக் கடிப்பார்கள். நான் சோறும் மீன் குழம்பும் கொண்டுபோவேன். மூடியைத் திறந்தால் பக்கத்து மேசைகள் காலியாகிவிடும். ரெக் மட்டும் காலியாகாமல் இருந்தார். ஒரு நாள் கரண்டியைக் கொண்டுவந்து, "கொஞ்சம் பாக்கலாமோ?" என்றார். கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர், நெற்றியில் வியர்வை. "நாளைக்கும் கொண்டு வருவியோ?" என்றார். "ஓம்," என்றேன். அவர் சின்னதாக ஒரு சிரிப்புச் சிரித்தார். நான் ஓம் சொல்லும்போதெல்லாம் அவருக்கு அந்தச் சிரிப்பு வரும். ஆள் இயல்பாகவே சந்தோசமானவர் என்று நினைத்துக்கொண்டேன்.

ரெக்குக்கு வீட்டிலே ஒரு வானொலி நிலையம் இருந்தது. பாட்டுப் போடுகிற நிலையம் இல்லை. சட்டப்படி அனுமதி எடுத்து, சொந்தப் பெட்டியில் உலகம் முழுவதும் உள்ள தன்னைப் போன்ற ஆட்களோடு கதைப்பது. இப்படி ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் கண்டிருக்கமாட்டார்கள். கதைப்பது என்ன என்று ஒரு நாள் அவர் வீட்டுக் கொட்டகையில் இருந்து கேட்டேன். "உன்ர சத்தம் எனக்குக் கேக்குது. என்ர சத்தம் உனக்குக் கேக்குதோ? நல்லது. போட்டு வாறன்." அவ்வளவுதான். கொக்குவிலில் இதை வேலிக்கு மேலால் செய்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போவார்கள்.

ஆனால் அவர்களுக்கு இது வெறி. இடம் எவ்வளவு ஒதுக்குப்புறமோ அவ்வளவு வெறி. யாரும் இல்லாத தீவு ஒன்றிலிருந்து ஒருவர் பேசினால், அவரோடு ஒரு சொல்லாவது பேசிவிட வேண்டுமென்று ஐம்பது நாட்டுக்காரர்கள் சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடிவருவார்கள். ரெக்கின் வாழ்நாள் ஆசை, அந்த ஒருவராகத் தான் இருக்கவேண்டும் என்பது.

பசிபிக் கடலில் ஒரு தீவு. வரைபடத்தில் அது ஈ இருந்துவிட்டுப் போன இடம் போல இருக்கும். பவளப் பாறையால் ஆன ஒரு மணல் திட்டி, கொஞ்சம் தென்னை, நிறையப் பறவை, வானிலை பார்க்கும் நிலையம் ஒன்று, அதில் நாலு ஆட்கள். சாமான் ஏற்றிப் போகும் படகில் ரெக்கும் இன்னும் இரண்டு வானொலிக்காரரும் போவதாக ஏற்பாடு. மூன்று கிழமை. ரெக் என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அங்க மீன் இருக்கு, நண்டு இருக்கு. சமைக்க ஆளில்லை. வாறியோ?"

"ஓம்."

"தென்னையில ஏறுவியோ? வானொலிக்கு வயர் கட்ட வேணும்."

நான் தென்னையைப் பார்த்திருக்கிறேன். தேங்காயைத் திருவியிருக்கிறேன். இவை இரண்டுக்கும் நடுவில் நடக்கிறது என் பகுதி இல்லை. ஆனால் வாய் பழக்கத்தில் ஓம் என்று ஓடிவிட்டது. தலையும் கூட ஆடிவிட்டது.

இப்போது பவளத்திடம் வருகிறேன்.

ஹோம்புஷில் நானும் பாலா அண்ணையும் ஒரு வீட்டில் அறை எடுத்து இருந்தோம். பாலா அண்ணை கணக்காளர். எனக்கு மூத்தவர். கலியாணம் முடித்தவர் என்பதால் அந்த விசயத்தில் எனக்கு எல்லாம் அவர்தான். கொக்குவிலில் பவளம் என்றொரு பிள்ளை இருப்பதாகவும், அவருடைய தமையன் சிவஞானம் மாஸ்டர் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பிப்பதாகவும், அவரும் ரெக் மாதிரியே அனுமதி வைத்திருக்கும் வானொலிக்காரர் என்றும் கதை கொண்டுவந்தவர் அவர்தான். "ஊரில ஒருத்தரும் அவரோட கதைக்கிறதில்லை. அதாலதான் அவர் பிரேசில்காரனோட கதைக்கிறார்," என்றார் பாலா அண்ணை.

பவளத்தின் படம் வந்தது. பார்த்தேன். பிறகு நாலு நாள் தொழிற்சாலையில் பிழையான இடத்தில் ஈயம் வைத்தேன்.

என் படம் போகவேண்டும். அதுதான் சிக்கல். எனக்கு முப்பது வயது. முன்பக்கத்து முடி இருபத்தைந்திலேயே விடைபெற்றுவிட்டது. பாலா அண்ணை தன் தொப்பியைத் தந்து, துறைமுகப் பாலத்துக்கு முன்னால் நிற்க வைத்தார். அவர் பொத்தானை அழுத்திய அதே நொடியில் காற்று அடித்தது. படத்தில் பாலம் அழகாக விழுந்தது. தொப்பி வானத்தில் பறவை போல நின்றது. கீழே என் மண்டை, வெயிலில், பாலத்தைவிட மினுங்கியது.

"இன்னொண்டு எடுப்பம்," என்றேன்.

"பிலிம் முடிஞ்சுது. இதை அனுப்பு. ஒளிவு மறைவில்லாத மாப்பிள்ளை எண்டு நினைப்பினம்."

அனுப்பினோம். பதிலுக்குக் காத்திருக்கும்போதுதான் தீவுப் பயணம் வந்து விழுந்தது. மூன்று கிழமை தபால் இல்லை. மூன்று கிழமை நான் எப்படி இருப்பது? பாலா அண்ணைதான் வழி சொன்னார். "மாஸ்டரிட்ட வானொலி இருக்கு. ரெக்கிட்டயும் இருக்கு. பிறகென்ன?"

ரெக்கிடம் கேட்டேன். அவர் முகம் இறுகியது. வானொலிக்காரர் தங்கள் கதையைக் கதைக்கலாம், அடுத்தவரின் செய்தியைக் காவிக் கொண்டுபோகக்கூடாது. அது சட்டம். மீறினால் அனுமதி பறிபோகும். "அவர் என்னைக் கூப்பிட்டால் கதைப்பன். உனக்கெண்டு செய்தி தந்தால் கேக்கமாட்டன்," என்றார். இருந்தாலும் நான் மாஸ்டருக்கு எழுதிப் போட்டேன். இன்ன நாட்களில் இன்ன தீவில் இருப்பேன், முடிந்தால் ஒரு சொல்லில் பதில் சொல்லுங்கள், ஆங்கிலத்தில் யெஸ் அல்லது நோ போதும் என்று. கடிதம் போய்ச் சேர்ந்ததோ என்னவோ, நான் படகில் ஏறிவிட்டேன்.

படகைப் பற்றி எழுதமாட்டேன். படகில் நான் என்ன சாப்பிட்டேன் என்பது மீன்களுக்குத்தான் தெரியும்.

தீவு எட்டுமுன்பே அதன் மணம் வந்தது. பறவை எச்சம், உப்பு, வெயிலில் காயும் பாசி. கால் வைக்க இடமில்லாமல் பறவை. எங்களைக் கண்டு ஒன்றும் எழும்பவில்லை. வரிசையில் நிற்கிறவர்கள் புதிதாக வந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தன. துறவி நண்டுகள் என்று ஒரு சாதி உண்டு, கிடைத்த ஓட்டுக்குள் குடியிருக்கும். முதல் நாளே ஒன்று ரெக்கின் பல்விளக்கும் பசை மூடிக்குள் குடியேறிவிட்டது. அதற்கும் ஒரு வீடு வேண்டும்தானே என்று ரெக் மூடியில்லாமல் பல் விளக்கினார்.

தென்னை விசயம் முதல் நாளே வந்தது. எல்லோரும் சுற்றி நின்றார்கள். நான் சறத்தை மடித்துக் கட்டி, மரத்தைத் தொட்டுக் கும்பிட்டு, கட்டிப்பிடித்து ஏறினேன். என் உயரத்துக்கு ஏறியதும் ஏறுவது நின்றுவிட்டது. இறங்கவும் தெரியவில்லை. மரத்தை அணைத்தபடி அப்படியே இருந்தேன்.

"என்ன பாக்கிறாய்?" என்று ரெக் கீழிருந்து கேட்டார். கீழே என்று சொன்னாலும் அவர் தலையும் என் காலும் பக்கத்தில்தான்.

"காத்து எந்தப் பக்கம் எண்டு பாக்கிறன்," என்றேன்.

வானிலை நிலையத்து அதிபர் நோர்ம் ஒரு ஏணியைக் கொண்டுவந்து, மரத்தில் சாய்த்து, என்னை இறக்கி, தானே ஏறி வயரைக் கட்டினார். நோர்ம் நல்ல மனிதர். அறுபது வயதிருக்கும். அவருடைய சமையல்காரர் நாங்கள் வந்த படகிலேயே சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டார். அன்றிரவு நான் வைத்த நண்டுக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு நோர்ம் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நண்டு பிடிக்கப் போவேன் என்று முதலே சொன்னேன் அல்லவா, இதுதான் அது.

ரெக் கூடாரத்துக்குள் பெட்டியை முடுக்கி, மோர்ஸ் சாவியில் முதல் அழைப்பைத் தட்டினார். மோர்ஸ் தெரியும்தானே? குட்டிச் சத்தமும் நெடுஞ்சத்தமுமாக எழுத்துகளைத் தட்டுவது. குட்டியை "டி" என்றும் நெடிலை "டா" என்றும் வாயால் சொல்வார்கள். குரல் போகாத தூரத்துக்கும் அது போகும். அவர் தட்டி முடித்ததுதான் தாமதம், உலகம் முழுவதும் ஒரேயடியாக வந்து விழுந்தது. நல்லூர்த் தேரன்று தேங்காய் உடைக்கிற சத்தம் போல. டிடிடா டாடிடா என்று நூறு பேர் ஒன்றாக. ரெக் கண்ணை மூடி, அந்தக் கூச்சலுக்குள் ஒவ்வொரு ஆளாகப் பிடித்து இழுத்தார். கேட்குது, கேட்குதோ, போட்டு வாறன். அடுத்த ஆள். அவர் முகத்தில் அப்படி ஒரு ஒளியை நான் தொழிற்சாலையில் கண்டதில்லை.

நான் தேத்தண்ணி காவிக்கொண்டு கூடார வாசலில் நிற்பேன். இலங்கையின் அழைப்புக் குறி வந்தால் சொல்லும்படி ரெக்கிடம் சொல்லி வைத்திருந்தேன். ஒரு கிழமை போனது. ஜப்பான் வந்தது, பின்லாந்து வந்தது, பெரு வந்தது. கொக்குவில் வரவில்லை.

இருட்டத் தொடங்கும் ஒரு மம்மல் பொழுது, கொக்குவிலில் மத்தியானமாக இருக்கும், ரெக் விரலை உயர்த்தினார். "உன்ர ஆள்."

தட்டை மணலில் வைத்துவிட்டு ஓடினேன். ஒலிபெருக்கியில் இரைச்சல், மழை பெய்கிற மாதிரி. அதற்கு அடியில் மெல்லிசாக ஒரு ஊதல். சிவஞானம் மாஸ்டர் கொக்குவிலில் மத்தியானச் சோற்றை விட்டுவிட்டுத் தட்டுகிறார். எனக்கு மோர்ஸ் தெரியாது. முன்னுக்கு என்னவோ போனது. பிறகு, தெளிவாக, மெதுவாக:

டா டா டா, டா டா.

கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும். டா டா டா, டா டா. இன்னொரு தரம். பிறகு இரைச்சல் விழுங்கிவிட்டது.

முதலில் நினைத்தேன், மாஸ்டர் என்னை டா போட்டுக் கதைக்கிறார் என்று. மாப்பிள்ளைக்கு டா போடுவார்களா? பிறகு நினைத்தேன், இது டாட்டா. கையசைத்து அனுப்புகிறார்கள்.

"என்ன சொன்னவர்?" என்று ரெக்கைக் கேட்டேன்.

"ஓ, எம்," என்றார் ரெக், எழுத்து எழுத்தாக. "மூண்டு தரம்."

"அதுக்கு என்ன கருத்து?"

ரெக்குக்கு அடுத்த ஆள் வந்துவிட்டார். காதுக் கருவியை மாட்டிக்கொண்டே சொன்னார், "ஓல்ட் மான்."

கிழவன்.

உங்களுக்கு இப்போது எல்லாம் விளங்கியிருக்கும். சிரித்துக்கொண்டும் இருப்பீர்கள். எனக்கு விளங்கவில்லை. ஓம் சொல்லியே வேலை எடுத்தவன், ஓம் சொல்லியே தீவுக்கு வந்தவன், கூடார வாசலில் நின்று மண்டையைத் தடவிப் பார்த்தேன். காற்றுக்குத் தொப்பி பறந்த படம்தான் கண்ணுக்குள் நின்றது. கிழவன், கிழவன், கிழவன். ஒரு தரம் போதாதா? அதுவும் சமுத்திரத்துக்கு மேலால், உலகமே கேட்க.

அதற்குப் பிறகு நான் சமைத்த சாப்பாட்டைப் பற்றி ரெக் கடைசிவரை ஒரு குறை சொன்னதில்லை. ஆனால் உப்பு இரண்டு தரம் போட்டேன் என்று எனக்கே தெரியும். ஒரு பறவை தினமும் வந்து குசினி வாசலில் நின்று என்னைப் பார்க்கும். நீல நிறக் கால், மூளை குறைந்த முகம். அதனிடம் என் வயதைச் சொன்னேன். முகம் பார்க்கும் கண்ணாடியை நண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தேன், அவைகளாவது பார்க்கட்டும் என்று. பவளம் என்று பெயருள்ளவளைத் தேடிப் பவளத் தீவுக்கு வந்தது நல்ல சகுனம் என்று படகில் நினைத்திருந்தேன். இப்போது காலில் குத்தியது அந்தப் பவளம்தான்.

படகு வர இரண்டு நாள் இருக்க, நோர்ம் குசினிக்கு வந்து ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"அடுத்த படகு வரும்வரைக்கும் எனக்குச் சமைக்க ஆளில்லை. அடுத்த படகிலும் ஆள் வருமோ தெரியாது. இரண்டு வருசம் இருக்கிறியோ? மேலிடத்துக்கு நான் வானொலியில சொல்லுறன்."

சிட்னிக்குத் திரும்பினால் பாலா அண்ணை கேட்பார். ஹோம்புஷ் முழுக்கத் தெரியவரும். இங்கே யாருக்கும் என் வயது தேவையில்லை. நண்டுக்குத் தமிழ் விளங்காது. நான் நிலத்தைப் பார்த்தபடி சொன்னேன், "ஓம்."

நோர்ம் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு எழும்பிப் போனார். முடிந்தது. நான் இனித் தீவுக்காரன்.

அடுத்த நாள் பின்னேரம் ரெக் தன் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார். ஆயிரக்கணக்கானோரோடு பேசி முடித்த மனிதர். குரல் கம்மி, கண் சிவந்து, உலகத்திலேயே சந்தோசமான ஆளாக இருந்தார்.

"தேத்தண்ணி மிச்சம் இருக்கோ?"

"ஓம்," என்றேன், செத்த குரலில்.

ரெக் அந்தப் பழைய சிரிப்பைச் சிரித்தார். "உன்னில எனக்குப் பிடிச்சதே இதுதான், மேட். வேலைக்கு வந்த முதல் நாளிலயிருந்து என்னை அப்பிடித்தான் கூப்பிடுறாய்."

"எப்பிடி?"

"ஓ எம் எண்டு."

"நான் உங்களைக் கிழவன் எண்டு ஒரு நாளும் சொல்லேல்லை, ரெக்."

"இப்பவும் சொன்னனி. வானொலிக்காரர் எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் அப்பிடித்தான் சொல்லுறது. பதினாறு வயதுப் பொடியன் எண்டாலும் ஓல்ட் மான்தான். மரியாதை. நீ அதை ஒரே சொல்லாச் சேர்த்து, ஓம் எண்டு சொல்லுவாய். சிலோனில அப்பிடித்தான் உச்சரிக்கிறதாக்கும் எண்டு நினைச்சன்."

நான் தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டிருந்தேன். கோப்பை நிரம்பி, தட்டு நிரம்பி, ரெக்கின் காலுறை நனையத் தொடங்கியது.

"ரெக், அந்த எழுத்துகளைத் திருப்பிச் சொல்லுங்கோ."

"ஓ. எம். காலைப் பார், காலைப் பார்."

"சேர்த்துச் சொல்லுங்கோ."

"ஓம்," என்றார் ரெக்.

ஒரு வெள்ளைக்காரர், நனைந்த காலுறையோடு, பசிபிக் கடலின் நடுவில் நின்று, பவளத்தின் பதிலை எனக்குச் சொன்னார்.

கேத்தலை எங்கே வைத்தேன் என்று தெரியாது. நீலக்கால் பறவையிடம் முதலில் சொன்னேன் என்று நினைக்கிறேன். பிறகுதான் நோர்மின் நினைவு வந்து, வானிலைக் கருவிகளை மிதித்துக்கொண்டு அவர் அறைக்கு ஓடினேன்.

"நோர்ம், மன்னிச்சுக்கொள்ளுங்கோ, என்னால இருக்க ஏலாது. மேலிடத்துக்குச் சொல்லிப்போட்டியளோ?"

"என்னத்தைச் சொல்லுறது?" என்றார் நோர்ம். "நீதான் பதில் சொல்லேல்லையே."

"சொன்னனான். ஓம் எண்டு."

"நான் கேக்க, நீ 'அம்...' எண்டு இழுத்தனி. யோசிக்கிறாய் எண்டு விட்டிட்டன்."

வெள்ளைக்காரர்கள் யோசிக்கும்போது "அம்" என்று இழுப்பார்கள், கவனித்திருப்பீர்கள். என் ஓம் அவர் காதில் அப்படி விழுந்திருக்கிறது. வேலை வாங்கித் தந்த ஓம், தென்னையில் ஏற்றிய ஓம், கிழவனாக்கிய ஓம், கடைசியில் தானே வந்து என்னை இரண்டு வருசத்திலிருந்து இறக்கியும் விட்டது. அந்த ஒரு சொல்லுக்கு நான் ஒரு கோயில் கட்டியிருக்கவேண்டும்.

ரெக்குக்கு இப்போது வேறு கவலை. "அப்ப நான் அடுத்தவன்ர செய்தியைக் காவிப்போட்டனோ?" என்று கேட்டார். தாடையைச் சொறிந்தார். "இல்லை. அவர் என்னை ஓல்ட் மான் எண்டவர். எனக்குக் கேட்டது அதுதான்." சட்டம் தப்பியது. பின்னர் தெரிந்துகொண்டேன், மாஸ்டர் திட்டம் போட்டே செய்திருக்கிறார். யெஸ் என்று தட்டினால் அடுத்தவர் செய்தி என்று பிடிபடும். ஓம் என்று தட்டினால் கேட்கிற ஆயிரம் பேருக்கும் அது வெறும் மரியாதை, ஒருவனுக்கு மட்டும் தங்கச்சியின் பதில். அந்த ஒருவன் இவ்வளவு மொக்கன் என்பது அவருடைய திட்டத்தில் இல்லை.

அன்றைக்கே மம்மலில், பெட்டியைக் கட்டுமுன்பு, ரெக் கடைசித் தடவை கொக்குவிலைக் கூப்பிட்டார். பதில் வந்தது. என் சந்தோசத்தை எப்படிச் சொல்வது? அடுத்தவன் கதை கூடாது. ரெக் யோசித்து, தன்னுடைய கதையாகவே தட்டினார்: இங்கே சாப்பாடு நன்றாக இருந்தது, என் சமையல்காரர் மிகவும் சந்தோசமாக இருக்கிறார்.

அடுத்த முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

அது ஏன் என்று கலியாணத்துக்குப் பிறகு பவளம் சொன்னார். மாஸ்டர் அந்த வரியை வீட்டில் வாசிக்க, மாமி அழத் தொடங்கிவிட்டாராம். "வானொலிக் கொம்பனி எண்டல்லோ சொன்னவை. இப்ப பாத்தால் கப்பல் குசினிக்காரன்." பவளம் மட்டும் சிரித்திருக்கிறார். "சமைக்கத் தெரிஞ்ச ஆள் எண்டால் எனக்கு நல்லதுதானே. ஓம் எண்டதை மாத்தாதேங்கோ," என்றாராம். அன்று தொடங்கி இன்றுவரை குசினி என் பொறுப்பு. மண்டையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டேன். படத்தில் பாலத்தையும் பறவையையும்தான் பார்த்தாராம். அது தொப்பி என்று நான் சொல்லவில்லை.

கன காலம் ஓடிவிட்டது. செவன் ஹில்ஸ் தகரக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கட்டில், கதிரை விற்கிறார்கள். வானொலி செய்ய யாருக்கும் ஆளும் தேவையில்லை, ஈயமும் தேவையில்லை. ரெக் காலமாகிவிட்டார். அவர் வீட்டுக் கூரையில் நின்ற கம்பியைப் பிள்ளைகள் இறக்கும்போது நானும் ஒரு பக்கம் பிடித்தேன். தீவில் நோர்ம் செய்த வேலையை ஒரு பெட்டி தனியாக நின்று செய்கிறதாம், அதற்குச் சமைத்துப்போட வேண்டியதில்லை. மாஸ்டரின் பெட்டியை நாட்டு நிலைமை முற்றிய காலத்தில் ஆட்கள் வந்து எடுத்துப் போனார்கள். திருப்பித் தரவில்லை. பிறகு அவர் கனடாவுக்குப் போய், கையில் உலகத்தோடு கதைக்கிற தொலைபேசி வைத்திருந்தும், யாரோடும் அவ்வளவாகக் கதைப்பதில்லை. ஒரு சொல்லுக்காக ஒரு கிழமை கூடார வாசலில் நிற்கிறதும் போய்விட்டது. அந்தச் சொல்லும் போய்க்கொண்டிருக்கிறது. என் பிள்ளைகள் யா என்கிறார்கள், பேரப்பிள்ளைகள் யெப் என்கிறார்கள். பவளத்துக்கு மஞ்சள் விரல் இருக்கிறது.

நேற்று, கரிந்த கேத்தலைத் தண்ணீரில் போட்டுவிட்டு, குசினிக்கும் முன்னறைக்கும் நடுவில் இருக்கிற சுவரில் கரண்டியால் தட்டினேன். நெடிலாகத் தட்டச் சுவரில் முடியாதுதான், ஆனாலும் ஐந்து தட்டு. டா டா டா, டா டா.

பிறகு பவளத்தின் குரல் வந்தது.

"என்ன கிழவன், தேத்தண்ணி இன்னும் ஊத்தேல்லையோ?"

ஓம் போய்விட்டது, பிள்ளைகளே. ரெக் சொன்ன கருத்துத்தான் மிச்சம்.